ஒரு யூதக் குடும்பத்தின் காகிதங்களைக் கரை சேர்த்தவர்களுக்கு

அன்புடையீர்,

எர்ணாகுளம் ஜூ ஸ்ட்ரீட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு யூதக் குடும்பத்தின் கடிதங்கள், கணக்கு நோட்டுகள், புகைப்படங்கள் அத்தனையும் படமெடுத்துப் பட்டியலிட்டு முடிந்துவிட்டது. எடுத்த படங்களும் பட்டியலும் இஸ்ரேலில் இருக்கும் அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இதற்குத் தோள் கொடுத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து சொல்வதுதான் முறை. நீங்களோ கோவை, கொச்சி, சென்னை, இஸ்ரேல் என்று நாலு திக்கிலும் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று அந்தக் குடும்பத்தாரும் உங்களில் சிலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. அவரவர் செய்த வேலை அவரவருக்குத் தெரியும்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். என் தாத்தா கல்லிடைக்குறிச்சிக்காரர், அந்தக் கடையில் கணக்குப்பிள்ளை. இஸ்ரேல் உருவானது 1948-இல். கொச்சி ராஜ்ஜியத்து யூதர்கள் அங்கே போகத் துடித்தார்கள். பலர் கடையையும் நிலத்தையும் விற்றுவிட்டுக் காத்திருந்தார்கள். ஆனால் யானைக்கால் நோய் கூடவே வந்துவிடுமோ என்று இஸ்ரேல் சுகாதாரத் துறையினர் பயந்ததால் பயணம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. கூட்டம் கூட்டமாகக் கிளம்பியது 1954, 1955-இல்தான். முதலாளி குடும்பமும் அப்போதுதான் போனது. எடுத்துச் செல்ல முடியாத காகிதங்களை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு, "ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறோம்" என்று தாத்தாவிடம் கொடுத்தார்கள். ஆள் வரவில்லை. தாத்தா போனார், ஆச்சி போனார், பெட்டி பெரியம்மா வீட்டுப் பரணுக்கு ஏறிற்று.

ஆகவே முதல் நன்றி பெரியம்மாவுக்கு. வீடு மாறும்போதெல்லாம் "இந்தப் பழைய பேப்பரை எடைக்குப் போடு" என்று சொல்லாத ஆள் இல்லை. "அடுத்தவர் பொருள், நாம் யார் போடுவதற்கு" என்ற ஒரே பதிலில் எல்லாரையும் வாயடைத்துவிட்டார். வருஷா வருஷம் வேப்பிலையை மாற்றி வைத்ததும் அவர்தான். ராமபாணப் பூச்சி ஓரங்களைத்தான் தின்றிருக்கிறது, எழுத்துக்கு வரவில்லை.

பெட்டியைத் திறந்தவுடன் எதையும் தொடாதீர்கள் என்று போனிலேயே அதட்டிய சென்னை ஆவணப் பாதுகாப்பாளர் அம்மாவுக்கு அடுத்த நன்றி. லேமினேட் கூடாது, செலோடேப் கூடாது, துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு மறுவாரமே நேரில் வந்தார். தாத்தாவின் நோட்டுகளில் பாதி, ஈரம் பட்டால் ஊதாவாக மாறும் அந்தக் காலத்துப் பென்சிலில் எழுதியவை. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் பக்கமே மை ஆகிவிடும். மெல்லிய தூரிகையால் தூசு தட்டியதைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை, செய்யவும் விடவில்லை.

கிளம்புவதற்குமுன் எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட பெரிய குடும்பப் படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ராஜவீதி ஸ்டுடியோக்காரர் அதைப் பிரிக்காமலே எடுத்துக்கொடுத்தார். இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, கண்ணாடியில் ஒரு பளபளப்பும் விழாமல் எடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தபோது பின்வரிசைப் பாட்டி ஒருவர் முண்டும் மேற்சட்டையுமாக, இடுப்பில் சாவிக்கொத்தோடு நிற்பது தெரிந்தது. கடையை விற்ற பிறகும் சாவிக்கொத்து எதற்கு என்று கேட்டோம். அவருக்குக் கடையை விற்றது பிடிக்கவில்லையாம், இஸ்ரேலிலிருந்து பதில் வந்தது.

படங்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கணக்கு நோட்டுகள்தான். சொந்தத் தாத்தா எழுதியது என்பதால் சொல்லவில்லை. போட்டோவில் முகம் கிடைக்கும், நாள் கிடைக்காது. நோட்டில் "முதலாளி மகள் கலியாணம், தாலிக்குப் பொன்" என்று தேதியோடு இருக்கிறது. கொச்சி யூதர்களிடம் மணமகளுக்குத் தாலி உண்டு என்பது எனக்கே அதைப் படித்தபோதுதான் தெரிந்தது. சிம்ஹத் தோரா திருவிழாவுக்கு யூதப் பள்ளிக்கு, அதாவது ஜெப ஆலயத்துக்குக் கொடுத்த தேங்காய் எண்ணெய், திரி, எல்லாமே பற்று வைத்திருக்கிறார். கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களைக் குறியில் எழுதியிருந்ததை வாசித்துக்கொடுத்த ஓய்வுபெற்ற கர்ணம் ஐயாவுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

தேதிகள் எங்களைப் படுத்திய பாடு! தாத்தா மன்மத வருஷம் சித்திரை என்பார். கடை ரசீதில் மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1130, மேட மாதம் என்றிருக்கும். குடும்பக் கடிதத்தில் யூத ஆண்டு 5715. மூன்றும் ஒரே காலம்தான், 1955. ஆனால் ஒரு குழந்தையின் பிறந்தநாள் மட்டும் ஒட்டவே இல்லை. நோட்டில் ஞாயிறு, ஜெபப் புத்தகத்தின் வெற்றுத்தாளில் அப்பா எபிரேயத்தில் குறித்ததோ திங்கள். எபிரேயம் படித்துக்கொடுத்த கொச்சிக்காரர் சிரித்தபடி அவிழ்த்தார்: அவர்களுக்கு நாள் சூரியன் மறைந்ததும் தொடங்கிவிடும். ஞாயிறு விளக்கு வைத்த பிறகு பிறந்த பிள்ளை திங்கள் பிள்ளை. அடுத்த திங்களன்று தாத்தா விருந்துச் செலவு எழுதியிருக்கிறார். பிறந்த நாளையும் சேர்த்து எட்டாம் நாள் விருத்தசேதனம் (சுன்னத்து), கணக்கு சரி. அந்தப் பிள்ளைக்கு இன்று எண்பதை நெருங்கும் வயது. இத்தனை நாளும் ஒருநாள் முன்னதாகவே கேக் வெட்டிவந்தேன் என்று வீடியோ காலில் குறைபட்டுக்கொண்டார்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் அவர்களிடமும் இருப்பதால், ஒரே பெயரில் மூன்று தலைமுறை. அதைப் பிரித்துக் காட்டியது கெத்துபா என்கிற திருமண ஒப்பந்தம். மணமக்களின் பெயரோடு தகப்பன் பெயரும் அதில் இருக்கும், நாளும் கிழமையும் முதலிலேயே வந்துவிடும். அதன் ஓரத்துப் பூவேலையைப் பார்த்துவிட்டு, ஃபிரேம் போட்டு ஓட்டலில் மாட்ட நல்ல விலை தருகிறேன் என்றார் ஒரு பழம்பொருள் வியாபாரி. காப்பி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

கெத்துபாவின் மூலப்பிரதியையே குடும்பத்துக்கு அனுப்பத்தான் ஆசைப்பட்டோம். ஆனால் வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 75 ஆண்டு தாண்டினால் தொல்பொருள், நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். கட்டணம் வாங்காமல் எங்களை உட்காரவைத்து விளக்கிய வக்கீல் தம்பிக்கு நன்றி. இப்போது கெத்துபாவும் பழைய நோட்டுகளும் இங்கே அமிலமில்லாத காகித உறையில் இருக்கின்றன. எந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது என்பதை அந்தக் குடும்பத்தார்தான் முடிவு செய்ய வேண்டும்.

கிழிந்துபோன ஜெபப் புத்தகத் தாள்களை என்ன செய்வதென்று விழித்தபோதும் கொச்சிக்காரர்தான் வழி சொன்னார். இறைவன் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடமாட்டார்கள், எரிக்கவும் மாட்டார்கள், சேர்த்துவைத்து இடுகாட்டில் புதைப்பார்கள். படம் எடுத்த பிறகு அவரிடமே ஒப்படைத்தோம்.

இனி, இஸ்ரேலில் யூதேயா மலைப் பக்கத்து மோஷாவ் ஒன்றில், அதாவது கூட்டுறவு விவசாயக் கிராமத்தில், இருக்கும் அந்தக் குடும்பத்துப் பாட்டி ஒருவருக்கு நன்றி. பெண்கள் கலியாண வீட்டில் பாடும் மலையாளப் பாட்டுகளைக் கையால் எழுதிவைத்த நோட்டு ஒன்று பெட்டிக்குள் இருந்தது. இப்படிப்பட்ட நோட்டுகளை ஆய்வாளர்கள் 1970-களிலிருந்தே தேடித் திரட்டி வந்திருக்கிறார்கள் என்பதால் அதன் மதிப்பு தெரிந்திருந்தது. ஆனால் மெட்டு தாளில் இல்லையே. பாலக்காட்டு மலையாள டீச்சர் வரியை வாசிக்க வாசிக்க, அந்தப் பக்கம் பாட்டி மெட்டோடு பாடினார். இரண்டு இடத்தில் "எழுதினவள் தப்பாக எழுதியிருக்கிறாள்" என்று திருத்தமும் சொன்னார். எழுதினவர் அவருடைய அக்கா. ராத்திரி பகல் பாராமல் பதிவுசெய்த பேரனுக்கும், கணினியில் கோப்புப் பெயர்களை ஒழுங்குபடுத்திய கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி.

பாட்டுகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார் பாட்டி, அடுத்த பெசஹா பண்டிகைக்குள். டீச்சர் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருக்கிறார். குடும்பப் படத்தில் வலது ஓரம் நிற்கும் இளைஞர் யாரென்று மட்டும் இன்னும் தெரியவில்லை. ஜூ ஸ்ட்ரீட் பக்கம் பழைய ஆட்களைத் தெரிந்தவர்கள் விசாரித்துச் சொன்னால் நன்றிப் பட்டியலில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வேன்.

என்றும் நன்றியுடன்,
கணக்குப்பிள்ளை பேத்தி,
கோயம்புத்தூர்