தாத்தாவின் ரோலி பிறந்த ஊரில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இங்கு எல்லோரும் நலம். தீபாவளிக்கு அனுப்பிய பார்சல் திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் இதை மின்னஞ்சலில் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

தாத்தாவின் வைடு ரோலி கேமராவை விலைக்குக் கேட்டுச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். 1961 முதல் 1967 வரை செய்த அந்த மாடல், மொத்தமே 4,000-க்குச் சற்றுக் குறைவு. வழக்கமான ரோலிபிளக்ஸ் கேமராக்களில் 75 அல்லது 80 மில்லிமீட்டர் லென்ஸ்; இதில் 55 மில்லிமீட்டர் ஜைஸ் டிஸ்டகான் லென்ஸ். அந்த எண் குறையக் குறைய அகலமாகப் படம் விழும். முதுகு சுவரில் முட்டும் இடத்திலும் குரூப் போட்டோவில் ஓரத்து ஆள் விடுபட மாட்டார். பெரிய அத்தை கல்யாணப் படத்தைப் பார், கோபித்துக்கொண்டு தூணோரம் நின்ற சித்தப்பாவும் அதில் இருக்கிறார்.

உனக்கு ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக்கில் படிக்க இடம் கிடைத்ததும் நான் கடைத்தெரு முழுக்கச் சொன்னேன். பிராங்கேயும் ஹைடெக்கேயும் 1920-இல் இந்த ரோலி கம்பெனியைத் தொடங்கிய ஊர் அல்லவா! முதலில் அவர்கள் செய்தது ஸ்டீரியோ கேமரா. ஓரத்து லென்ஸ் இரண்டும் படம் எடுக்கும், நடு லென்ஸ் நாம் பார்ப்பதற்கு. பிறகு பார்க்க ஒன்று, எடுக்க ஒன்று என மேலும் கீழுமாக வைத்தார்கள். 1929-இல் ரோலிபிளக்ஸ் வந்தது. 1937-இல் வந்த ஆட்டோமேட் மாடலில் பிலிமின் தடிமனை உருளைகளே தொட்டு உணர்ந்து, கேமராவே படங்களை எண்ணத் தொடங்கும். பிலிம் எண்ணைப் பார்க்க வைத்த சிவப்புச் சன்னலில் எண் தேட வேண்டாம். தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் நீ மடியில் உட்கார்ந்து பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றுவாய்.

அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு சால்ட்ஸ்டாலுமர் தெருவில் இருந்த அந்தத் தொழிற்சாலைப் பக்கம் ஒரு முறைகூடப் போகவில்லை என்கிறாய். 1981-இல் ஒரு தரமும் 2009-இல் ஒரு தரமும் கம்பெனி நொடித்தது. இருந்தாலும் தெரு இருக்குமே. போய் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. கட்டடத்தை மட்டும் எடுக்காதே, நீயும் நில். போனில் பேசும்போது வீடியோவை அணைத்துவிடுகிறாய். இளைத்திருக்கிறாயா என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டுமாம். எனக்கும்தான். குளிரில் வெறும் ரொட்டியோடு படுக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு.

கேமராவைக் கொடுக்க மாட்டேன் என்று அந்தச் சென்னைக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் உனக்கு அங்கே பணமுடை இருந்தால் சொல், கொடுத்துவிடலாம். தாத்தா வருத்தப்பட மாட்டார்.

பரீட்சை எதுவும் நின்றுபோயிருந்தாலும் சொல். படிப்பில் உன்னைப் போல ஒருவன் நம் வீட்டில் இல்லை, இப்போதும் அதையேதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

புது விலாசத்தை அம்மாவுக்கு அனுப்பு. ஏன் மாறினாய் என்று கேட்க மாட்டோம். அதிரசத்துக்கு மாவு புளிக்க நாளாகும், முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா