மின்னலைப் பற்றிச் சில வார்த்தைகள்

அன்புள்ள மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். மூன்று வாரங்களாக நீ பேசவில்லை என்பதற்காக இதை எழுதவில்லை; தங்கைக்கு நீ அனுப்பிய படத்தில் மின்னலின் முழங்கைகளில் முடி உதிர்ந்து தோல் தடித்திருப்பதைப் பார்த்ததால் எழுதுகிறேன். சிப்பிப்பாறை நாய்க்கு உடம்பில் கொழுப்பும் கிடையாது, அடர்ந்த முடியும் கிடையாது. வெறுந்தரையில் படுத்தால் எலும்பு உறுத்திப் புண்ணாகும். பெங்களூர்க் குளிர் வேறு. பழைய மெத்தை ஒன்றை மடித்துப் போடு. பால்கனிக் கொடியில் உன் சட்டைகள் மட்டுமே காய்வதாக உன் அம்மா சொன்னாள். நான் நாயை மட்டுமே பார்த்தேன்.

நம் கரிசல் காட்டில் முயலைத் துரத்தித் துரத்தியே உருவான இனம் அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டாலும் அதன் கால்கள் இன்னும் ஓடத்தான் கேட்கும். நாள் முழுவதும் பூட்டிய வீட்டில் கிடந்தால் சோபாவைக் கிழிக்கத்தான் செய்யும். அதற்காக அடிக்காதே; அடித்தால் ஒடுங்கிப்போகுமே தவிரத் திருந்தாது. விடியற்காலையில் வேலியடைத்த மைதானத்தில் ஓடவிடு. தெருவில் மட்டும் வாரைக் கழற்றாதே. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பும் நாய், ஒரு பூனையைப் பார்த்துப் பாய்ந்துவிட்டால் உன் குரல் அதன் காதில் ஏறாது. தலை ஒடுங்கியிருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டையை எளிதில் உருவிக்கொள்ளும். கருத்தடை செய்வதாக இருந்தால், இது கொழுப்பில்லாத வேட்டை நாய் என்று மயக்க மருந்து கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடு.

உன் நண்பர்கள் எல்லாம் லாப்ரடார் வாங்கியபோது நீ நம் ஊர்க் குட்டியைத் தேடி வந்ததை டீக்கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியாது. ஆனால், அன்று அதைத் தூக்கிப் போக இருவர் வந்தீர்கள். இப்போது நீ அலுவலகம் போனபின் அது யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும்? பதில் எழுத வேண்டாம்.

ஓடவிடு, ஆனால் தீனி போட்ட கையோடு ஓடவிடாதே. இரண்டு மணி நேரமாவது போகட்டும். நெஞ்சு ஆழ்ந்த நாய்களுக்கு இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராவிட்டால், விடியட்டும் என்று இருக்காமல் அந்த நிமிடமே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடு.

நீ விடுதியில் பத்தாம் வகுப்புப் படித்தபோது வீரா பாம்பு கடித்துச் செத்ததாக எழுதினேன். பாம்பு கடிக்கவில்லை. உன் மாமாவும் அவருடைய கூட்டாளிகளும் வந்திருந்த அன்று, வயிறு முட்டக் கம்பங்கூழ் குடித்துவிட்டுப் படுத்திருந்தவனை எழுப்பி, அவர்கள் மெச்ச வேண்டும் என்பதற்காகக் கண்மாய்க் கரையில் மூன்று முறை ஓடவிட்டேன். இரவில் வயிறு உப்பியது. விடியட்டும் என்றுதான் நானும் இருந்தேன். படுக்க முடியாமல் அவன் என் கட்டிலருகே நின்றுகொண்டே இருந்தான். விடுமுறைக்கு வந்த நீ கம்பை எடுத்துக்கொண்டு புற்றுப் புற்றாகக் குத்திக்கொண்டு திரிந்ததைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன், அப்போதும் சொல்லவில்லை.

அவனுடைய பட்டை பரணில் இருக்கிறது. அகலமான தோல்பட்டை, மின்னலுக்குப் பொருந்தும். எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். நீ சரி என்றால் நானே கொண்டுவந்து, ஒரு மாதம் இருந்து, காலையில் அதை ஓட்டத்துக்குக் கூட்டிப் போகிறேன். வேறு எதையும் கேட்க மாட்டேன்.

அப்பா