மர்கெரித்: பூவுக்கு முன்னே முத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பெயர்ப் பகுதியில் 'மார்குரைட்' என்ற பிரெஞ்சுப் பெண் பெயருக்கு 'ஒரு வகை டெய்சிப் பூ' என்று பொருள் போட்டிருந்தீர்கள். பொருள் பாதிதான் வந்திருக்கிறது. எழுத்தும் சரியில்லை.

எழுத்தை முதலில் முடித்துவிடலாம். பிரெஞ்சில் 'ஜி' (g) எழுத்தை அடுத்து 'இ' (e) வந்தால் ஒலி ஜகரத்தின் பக்கம் சாய்ந்துவிடும். ககரமாகவே நிற்க வேண்டுமானால் இடையில் ஒரு 'யு' (u) செருகுவார்கள். அது காவலுக்கு நிற்கும் எழுத்து, அதற்கென்று ஒலி கிடையாது. அதைக் 'கு' என்று வாசிப்பதில்தான் 'மார்குரைட்' பிறக்கிறது. கடைசி எழுத்தும் ஊமை. 'மார்கழி'யில் வரும் க, 'முத்து'வில் வரும் த், இரண்டையும் வைத்து 'மர்கெரித்' என்று எழுதினால் போதும். செல்லப் பெயரான 'மர்கோ'வில் கடைசியில் ஒரு 'டி' (t) எழுதுவார்கள், சொல்லமாட்டார்கள்.

இனி பொருள். கிரேக்கத்தில் 'மார்கரிதேஸ்', லத்தீனில் 'மார்கரிதா', இரண்டுக்கும் முத்து என்றே பொருள். கிரேக்கர்களுக்கும் இது இரவல் சொல்தான். பாரசீகத்தில் முத்துக்கு இன்றும் 'மொர்வாரித்' என்பார்கள். மூலம் ஈரானிய மொழிகளில் இருக்கலாம் என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் மட்டும் வேறு கதை சொல்கிறார்: கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் தன் மகள் பண்டையாவுக்கு அணிவிக்கக் கடல்முத்தைத் திரட்டினாராம்; 'மார்கரிதா' என்பது இந்தியர் மொழிச் சொல்லாம். பண்டையா என்றதும் பாண்டியரும் கொற்கையும் நமக்கு நினைவுக்கு வரத்தான் செய்யும். அதற்காக இதைத் தமிழ்ச் சொல் என்று யாரும் துள்ள வேண்டாம். நம் சொல் 'முத்து'தான்.

பிரான்சில் அந்தப் பழைய பொருள் சீக்கிரம் மறையவில்லை. பிரான்சுவா மன்னரின் அக்காள், நவார் அரசி மர்கெரித் (1492–1549), தம் கவிதைகளை 1547இல் அச்சிட்டபோது வைத்த தலைப்பைத் தமிழில் 'இளவரசியரில் முத்தானவளின் முத்துகள்' எனலாம். இரண்டு 'முத்து'க்கும் அங்கே ஒரே சொல், 'மர்கெரித்'. பன்றிகளுக்கு முன் முத்தைப் போடாதே என்ற விவிலிய வாக்கையும் முன்பு 'மர்கெரித்' வைத்தே சொன்னார்கள். பிறகு 'பெர்ல்' என்ற சொல் வந்து முத்தை எடுத்துக்கொண்டது. மர்கெரித்துக்குப் பூவும் பெண் பெயரும் மிஞ்சின. இன்னொரு உறவையும் சொல்லிவிடுகிறேன்: ரொட்டியில் தடவும் மார்கரினும் இதே கிரேக்க வேர்தான். 1813இல் வேதியியலாளர் ஷெவ்ரல் முத்துபோல் மினுங்கிய ஒரு கொழுப்பமிலத்துக்கு அந்த வேரிலிருந்து பெயர் வைத்தார்; மார்கரினின் பெயர் அதிலிருந்து வந்தது.

பூவை ஒதுக்கவும் வேண்டாம். அது வெண்ணிற இதழ்களும் மஞ்சள் நடுவுமாக வயலில் வளரும் உயரமான வகை. புல்தரையில் ஒட்டிக் கிடக்கும் சிறிய டெய்சிக்குப் பிரெஞ்சில் வேறு பெயர் உண்டு. மர்கெரித் பூவின் இதழைப் பிய்த்துக் காதல் பார்ப்பது நம் ஊர் வழக்கம்போல 'உண்டு, இல்லை' என்று இரண்டோடு நிற்காது. 'கொஞ்சம், நிறைய, உயிராய், பித்தாய், துளிகூட இல்லை' என்று ஐந்து படி. 20 இதழ் இருந்தால் 'துளிகூட இல்லை'யில் முடியும். தொடக்கத்தில் வரும் 'நேசிக்கிறான்' என்பதையும் ஓர் இதழாக எண்ணுகிறவர்களுக்கு ஆறு படி. அதே 20 இதழ் 'கொஞ்சம்' என்று முடியும். ஆகவே எண்ணத் தொடங்குமுன் படி எத்தனை என்று பேசிக்கொள்வது நல்லது. நாம் இதழ் என்று பிய்ப்பது ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு தனிப் பூ. சூரியகாந்திக் குடும்பம் முழுக்க இப்படித்தான்.

பெயர்நாள், அதாவது அந்தப் பெயருடைய புனிதரின் விழா நாள், ஜூலை 20 என்று போட்டிருந்தீர்கள். அது அந்தியோக்கியா புனித மர்கெரித்தின் பழைய நாள். பிரெஞ்சு வீராங்கனை ஜான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) தமக்குக் கேட்டதாகச் சொன்ன குரல்களில் ஒன்று இவருடையது. 1969இல் கத்தோலிக்கப் பொது நாட்காட்டியிலிருந்து இவர் விழாவை எடுத்துவிட்டார்கள். இன்றைய பிரெஞ்சு நாட்காட்டிகளில் ஜூலை 20 மரினாவுக்கு. கிழக்கத்தியத் திருச்சபைகளில் இதே புனிதைக்கு வழங்கும் பெயர் அது. மர்கெரித்துக்கு நவம்பர் 16, ஸ்காட்லாந்து அரசியான புனித மர்கெரித்தின் நாள். வாழ்த்து அனுப்புகிறவர்களுக்காக அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், புதுச்சேரி