பசி வந்தப்புறம் சாப்பிட்டா லேட்டு

ஆசிரியருக்கு வணக்கம். காலைல ஈசிஆர் (கிழக்கு கடற்கரை ரோடு) பக்கம் சைக்கிள் ஓட்டற கூட்டம் இப்ப நல்லாவே பெருகிடுச்சு, சந்தோஷம்தான், ஆனா வழியில என்ன சாப்பிடணும் எவ்ளோ சாப்பிடணும்னு புதுசா வர்றவங்களுக்கு யாரும் சொல்றதில்ல, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

திருவான்மியூர்ல இருந்து பாண்டிச்சேரிக்கு போனப்ப எனக்கு நடந்தது இது. வெறும் வயித்துல ஓட்டுனாதான் கொழுப்பு கரையும்னு கூட வந்த அண்ணன் ஒருத்தர் சொன்னத நம்பி ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டுமா கெளம்பிட்டேன். நூறு கிலோமீட்டர் தாண்டி மரக்காணம் உப்பளம் கிட்ட கை நடுங்க ஆரம்பிச்சுது, கியர் மாத்தக்கூட புத்தி ஓடல, அப்படியே ரோட்டோரம் உக்காந்துட்டேன். ஜெர்சி முழுக்க வெள்ளை வெள்ளையா உப்பு பூத்திருந்துச்சு. டீக்கடை அக்கா என் மூஞ்சிய பாத்தாங்க, ஒண்ணும் கேக்கல, ஒரு வெல்லக்கட்டிய கைல வச்சு மோர்ல ரெண்டு சிட்டிகை உப்பு போட்டு கொடுத்தாங்க, கொஞ்ச நேரத்துல கண்ணு தெளிஞ்சுது.

நம்ம தசையிலயும் கல்லீரல்லயும் சேத்து வச்சிருக்கற மாவுச்சத்து சுமார் 400, 500 கிராம்தான், வேகமா மிதிச்சா ஒண்ணரை ரெண்டு மணி நேரத்துல பெரும்பாலும் காலியாயிடும். அதனால கிலோமீட்டர பாக்காதீங்க, நேரத்த பாருங்க. ஒரு மணி நேரம்னா தண்ணி போதும், உண்மையிலேயே போதும். பக்கத்துல இருக்கற முட்டுக்காடு வரைக்கும் போயிட்டு வந்து நெய் பொங்கல் வடை தோசைன்னு கட்டிட்டு எடை ஏன் குறையலன்னு கேக்கறவங்க நெறைய பேரு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல போறதுன்னா மணிக்கு 30ல இருந்து 60 கிராம் வரைக்கும் மாவுச்சத்து உள்ள போகணும். பெரிய வாழைப்பழம் ஒண்ணுல 30 கிராம் கிட்ட இருக்கு, நாலு பேரீச்சம்பழத்துல சுமார் 20, அப்ப ரெண்டும் சேந்தா ஒரு மணி நேரத்துக்கு ஆச்சு. கடலை மிட்டாய் நல்லதுதான் ஆனா கடலைல கொழுப்பு இருக்கறதால மெதுவாதான் செரிக்கும், அவசரத்துக்கு ஆகாது. நாலஞ்சு மணி நேரம் ஓட்டறவங்க சிலர் மணிக்கு 90 கிராம் வரைக்கும் போறாங்க, அது வயித்த கொஞ்சம் கொஞ்சமா பழக்கினாதான் முடியும், முதல் நாளே பண்ணா வாந்திதான் வரும்.

நான் இப்ப போன்ல அரை மணிக்கு ஒரு அலாரம் வச்சிருக்கேன், பசிச்சாலும் பசிக்கலைனாலும் அடிச்சா அரை வாழைப்பழம், ரெண்டு பேரீச்சம்பழம். வெயில்ல வெறும் தண்ணிய மட்டும் குடிச்சுக்கிட்டே போறதும் தப்பு, வேர்வைல உப்பு போகுதே. ஓஆர்எஸ் (தண்ணியில கலக்கற உப்பு சர்க்கரை பவுடர்) பாக்கெட்ட பாட்டில்ல குத்துமதிப்பா கொட்டாதீங்க, ஒரு லிட்டர்னு போட்டிருந்தா ஒரு லிட்டர் தண்ணியில தான் கலக்கணும். சுகருக்கு இன்சுலின் போடறவங்க டாக்டர கேட்டுட்டுதான் லாங் ரைடு போகணும்.

ஞாயித்துக்கிழமை சைக்கிள் ரைடு அறிவிப்பு போடறப்ப எத்தன மணிக்கு, எந்த ரூட்டுன்னு போடறீங்கல்ல, அதோட எத்தன மணி நேரம் ஆகும், கைல என்ன எடுத்துட்டு வரணும்னு ரெண்டு வரி சேத்து போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருவான்மியூர்