மூன்று முறை வேண்டியும் நீங்காத முள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு ஆன்மிகப் பக்கத்தில் 'என் கிருபை உனக்குப்போதும். பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்' (2 கொரிந்தியர் 12:9) என்ற வசனத்துக்கு வந்த விளக்கம், அதை நோய் நீங்கும் என்ற வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டிருந்தது. காலண்டரிலும் ஆட்டோவின் முதுகிலும் தனியாகவே நின்று பழகிவிட்ட வசனம் இது. ஆகவே இந்தப் பிழை அடிக்கடி நேர்கிறது.

கொரிந்து நகரச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதம் இது. 7-ஆம் வசனத்திலிருந்து படித்தால் சங்கதி வேறு. பவுலின் மாம்சத்தில், அதாவது உடலில், ஒரு முள். அது நீங்க வேண்டுமென்று கர்த்தரிடம் மூன்றுதரம் வேண்டுகிறார். 'என் கிருபை உனக்குப்போதும்' என்று பதில் வருகிறது, முள் போகவில்லை. அந்த முள் கண்நோய் என்பவர்கள் கலாத்தியர் 4:13-15-ஐக் காட்டுவார்கள். எதிராளிகளின் தொல்லை என்போரும் உண்டு. பவுல் சொல்லவில்லை, நாமும் தோண்ட வேண்டாம். 'என்னைக் குட்டும்' என்கிறது நம் பழைய மொழிபெயர்ப்பு. கிரேக்கத்தில் அது முஷ்டியால் அடிப்பது, அதுவும் ஒருதரமல்ல, தொடர்ந்து. மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்போமே, இங்கே குட்டுவது சாத்தானின் தூதன்!

இதை அவர் எழுதிய சூழலும் முக்கியம். 'சரீரத்தின் தோற்றமோ பலவீனம்' என்று கொரிந்துவில் அவரை இளக்காரம் செய்தார்கள் (10:10). போட்டிக்கு வந்த போதகர்கள் தங்கள் பெருமையை அளந்தார்கள். பவுலும் ஒரு பட்டியல் தருகிறார்: ஒன்று குறைய நாற்பதடி ஐந்துதரம், மிலாறுகளால் (கழிகளால்) அடி மூன்றுதரம், கப்பற்சேதம் மூன்றுதரம். கடைசியில், தமஸ்குவில் கூடைக்குள் உட்கார்ந்து மதில் ஜன்னல் வழியே இறக்கிவிடப்பட்டுத் தப்பிய கதை. பெருமை பேசுகிறவன் சொல்லக்கூடிய கதையா அது? இந்தத் தொடர்ச்சியில்தான் முள் வருகிறது. 'கிறிஸ்துவின் வல்லமை என்மேல் தங்கும்படி' என்பதில் 'தங்கும்' என்ற சொல்லுக்குள் கிரேக்கத்தில் கூடாரம் இருக்கிறது. எழுதியவரோ கூடாரத் தொழிலாளி. கொரிந்துவிலேயே அந்தத் தொழில் செய்தவர் (அப்போஸ்தலர் 18:3).

நீங்காத நோயை 'விசுவாசக் குறைவு' என்று பழிப்பதற்கு இந்தப் பகுதியில் இடமே இல்லை, பவுலுக்கே நீங்கவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்கள் 1 தீமோத்தேயு 5:23-ஐப் பார்க்கட்டும். பவுலின் இளம் உடன் ஊழியர் தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் 'பலவீனங்களுக்கும்' கொஞ்சம் திராட்சரசம் சேர்க்கச் சொல்கிறது அது. முள் பகுதியில் 'பலவீனம்' என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள 'அஸ்தெனெயா' என்ற சொல்தான் அங்கும்.

இதற்கு நேரெதிரான தவறு இன்னும் மோசமானது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் 'பொறுத்துப் போ, கிருபை போதும்' என்று ஒரு பெண்ணுக்கு ஆலோசனை சொல்வது. 10-ஆம் வசனத்தில் பவுல் பிரியப்படுவது 'கிறிஸ்துவினிமித்தம்' வரும் துன்பங்களில். மற்றபடி, வாரினால் அடிக்கக் கட்டியபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தவர் அவர் (அப்போஸ்தலர் 22:25). தப்ப வழி இருந்தால் தப்பினார், கூடையில் ஏறியாவது.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: போன உடனே இந்த வசனத்தை எடுக்காதீர்கள். வேண்டுதல் மூன்றுதரம் நடந்த பிறகே பவுலுக்குப் பதில் வந்தது; நோயாளி முதல் வேண்டுதலையே இன்னும் முடித்திருக்க மாட்டார். அப்போதைக்கு 13-ஆம் சங்கீதம் பொருந்தும். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' என்று அவர் மனதில் இருப்பதையே அது கேட்கிறது. பின்னொரு நாள் கொரிந்தியருக்கு வரும்போது 7 முதல் 10 வரை நான்கு வசனங்களையும் வாசியுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அடுத்த ஞாயிறு அந்த நான்கு வசனங்களையும் முழுமையாக அச்சிட்டால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
வேதபாட வகுப்பு ஆசிரியர்கள்,
பாளையங்கோட்டை