போர்டு எழுதியவன் கேட்கிறேன்: ராத்திரி வந்த டாக்டர் யார்?

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனை நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். பெயராகத் தெரியாவிட்டாலும் பில்லாகத் தெரிந்திருக்கும். திருச்சியில் போர்டு எழுதுவது என் தொழில். தகரத்தில் எனாமல் பெயின்ட் அடித்து, நூல் கட்டிக் கோடு போட்டு எழுதிய காலத்தில் ஆரம்பித்தவன். இப்போது ஃப்ளெக்ஸ், அக்ரிலிக், உள்ளே எல்.இ.டி. எரியும் எழுத்து என்று வந்து நிற்கிறேன். தில்லை நகரில் எந்த கிராஸில் நுழைந்தாலும் என் கைவேலை ஒன்றாவது கண்ணில் படும். என் வீட்டு அடுப்பு எரிந்ததில் பாதி டாக்டர்களால்தான். அதனால் இந்தக் கடிதத்தைக் கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபமும் இருக்கிறது, சரி.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் டாக்டர் போர்டு என்றால் மூன்றுக்கு இரண்டு தகரம். பெயர், பக்கத்தில் எம்.பி.பி.எஸ்., கீழே பார்க்கும் நேரம். குழந்தை டாக்டர் என்றால் டி.சி.ஹெச்., பிரசவம் பார்க்கும் அம்மா என்றால் டி.ஜி.ஓ. அவ்வளவுதான். கூலி எழுத்துக் கணக்கில் என்பதால், பெயருக்குப் பின்னால் வால் நீள நீள எனக்குச் சந்தோஷம். வாலுக்கு அர்த்தம் கேட்கும் பழக்கம் அப்போது கிடையாது.

அர்த்தம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான டாக்டர். அவருடைய போர்டில் வலது பக்கம் நிறைய இடம் மிஞ்சியது. "இன்னும் ஏதாவது போடலாமா சார்?" என்று கேட்டேன். "அந்த எழுத்தெல்லாம் மூணு வகை தம்பி. படிச்சு வாங்கினது, பயிற்சி எடுத்து வாங்கினது, சந்தா கட்டி வாங்கினது. நீ போர்டுல எல்லாத்தையும் ஒரே சைஸ்ல எழுதுவே. இடம் சும்மா கிடக்கட்டும்" என்றார். அன்றைக்கு எனக்கு நாலு எழுத்து நஷ்டம்.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எம்.பி.பி.எஸ். நாலரை வருடப் படிப்பு. அதன் மேல் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் பயிற்சி, நம் ஊரில் ஹவுஸ் சர்ஜன் என்போம். எம்.டி.யோ எம்.எஸ்.ஸோ இன்னும் மூன்று வருடம். அதே உயரத்தில் தேசியத் தேர்வு வாரியம் தருவது டி.என்.பி. இதயம், நரம்பு, சிறுநீரகம் என்று தனித் துறைக்குப் போக டி.எம். அல்லது எம்.சிஹெச்., அது மேலும் மூன்று. கூட்டிப் பாருங்கள், ஒரு இதய நிபுணருக்குக் குறைந்தது பதினொன்றரை வருடம். ஆனால் போர்டில் டி.எம். என்ற இரண்டு எழுத்து, எங்கோ ஒரு சங்கத்தில் உறுப்பினர் என்று சொல்லும் ஆறு எழுத்தைவிடச் சின்னதாகத் தெரியும். அது என் தப்பு இல்லை, எழுத்தின் தலையெழுத்து.

எம்.டி. என்ற எழுத்தே இரண்டு பொருள் தரும். இங்கே எம்.பி.பி.எஸ். முடித்து மேலே மூன்று வருடம் படித்தவரும் எம்.டி. ரஷ்யா போன்ற நாடுகளில் முதல் பட்டமாகவே 'எம்.டி. ஃபிசிஷியன்' வாங்கி, இங்கே வந்து வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வில் தேறியவரும் எம்.டி. அவரும் முறையாகப் பதிவான டாக்டர்தான், குறை ஒன்றுமில்லை. ஆனால் இந்திய கணக்கில் அந்தப் பட்டம் எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமம். நோயாளிக்கு இது எப்படித் தெரியும்? எழுதுகிற எனக்கே பத்து வருடம் தெரியவில்லை.

தெரிந்துகொள்ள ஒரே வழி பதிவு எண். 1914-ல் மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்த சட்டத்திலிருந்தே டாக்டர்களுக்கு இங்கே பதிவேடு உண்டு. இன்று அந்த எண்ணை, டாக்டர்களைப் பதிவு செய்யும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் போட்டால் ஆள் யார், என்ன படித்தார் என்று வந்துவிடும். ஆனால் ஆர்டர் கொடுக்க வருகிற உங்கள் மேனேஜர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல், "ரெஜிஸ்டர் நம்பரை ஓரமா சின்னதா போடுங்க, யாரு பாக்கப் போறா" என்கிறார்கள். சிலர் அதையும் வேண்டாம் என்கிறார்கள்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருட நடத்தை விதிகளை ஒருவர் எனக்குப் படித்துச் சொன்னார். பதிவு எண் கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், சான்றிதழிலும், பணம் வாங்கிய ரசீதிலும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கவுன்சில் போய் 2020-ல் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது, ஆணையம் 2023-ல் புது விதி கொண்டுவந்து, அதே மாதம் நிறுத்தியும் வைத்தது, பழையதே தொடர்ந்தது. அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: டாக்டர் வழக்கத்துக்கு மீறிய பெரிய போர்டு வைப்பது முறையல்ல, பெயர், பட்டம், துறை, பதிவு எண் தவிர வேறு எதுவும் அதில் கூடாது. கேட்டதும் சிரித்துவிட்டேன். முப்பது அடி உயரத்தில், கை கட்டி நிற்கும் டாக்டர் படத்தோடு எத்தனை அடித்திருக்கிறேன்! சிவப்பு பிளஸ் குறியும் அப்படித்தான். அது செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னம், அனுமதியில்லாமல் போடக் கூடாது என்று 1960-லேயே சட்டம் இருக்கிறது. லிட்டர் கணக்கில் சிவப்பு பெயின்ட் தீர்த்த பிறகு தெரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி என் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. வயது 74. ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். வாசலில் பத்தடிப் போர்டில் இதய நிபுணர் பெயரும் படமும் இருந்தன. அதைப் பார்த்துத்தான் ஆட்டோவை அங்கே திருப்பினேன். போர்டுக்காரனே போர்டை நம்பிய கதை.

ஐ.சி.யு.வில் அம்மாவைப் பார்த்துக்கொண்டது மெலிந்த ஒரு இளைஞர். முகத்தில் மாஸ்க்கை இறுக்கிக் காற்றை உள்ளே தள்ளும்போது அம்மா திமிறினாள். அவர் பட்டையைத் தளர்த்தி, மாஸ்க்கைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு, "பாட்டி, இது உங்களுக்கு ஒத்தாசை பண்ற காத்து. சண்டை போடாம இழுங்க" என்று சொல்லிச் சொல்லிக் கால் மணி நேரம் குனிந்தபடியே நின்றார். கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கியது. ஆனால் திரும்பிக் கிடந்தது. 'கண்டெடுத்தால் ஒப்படைக்கவும்' என்ற பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. ராத்திரி ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக் ஊசி ஏறியதும் அம்மாவின் கை, கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது. அவர்தான் ஓடிவந்து நிறுத்தி, வேறு ஊசி போட்டு, மருந்தை மாற்றினார். போர்டில் இருந்தவர் காலையில் வந்தார். நாலு நிமிடம் இருந்தார். "நல்லா இருக்காங்க" என்றார். நன்றாகத்தான் இருந்தாள்.

டிஸ்சார்ஜ் பில்லில் போர்டு டாக்டரின் ஒவ்வொரு விசிட்டும் பெயரோடு இருந்தது. அந்த இளைஞருக்கு 'டியூட்டி டாக்டர் சார்ஜ்' என்று ஒரே வரி. லேபில் ரத்தம் பரிசோதித்தவர் பெயர்கூட ரிப்போர்ட்டில் இருக்கிறது. விடிய விடியக் கூடவே இருந்தவருக்குப் பெயர் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அம்மாவுக்குக் காலில் புண். வேறு இடத்தில் காட்டினோம். அங்கிருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, "எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" தடித்த கதையைச் சொன்னேன். "என்ன மருந்து?" டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பழைய இடத்துக்குப் போய் கேஸ் ஷீட் நகல் கேட்டேன். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. எனக்குப் பதினொரு நாள் ஆனது. அதில் ராத்திரி 2.40-க்கு ஒரு குறிப்பு. எந்தக் கையெழுத்தையும் பார்த்து எழுதிப் பிழைத்தவன் நான், எனக்கே புரியவில்லை. கீழே கம்பளிப்பூச்சி மாதிரி ஒரு கிறுக்கல். அதன் முன்னால் 'ஃபார்' போட்டு போர்டு டாக்டரின் பெயர். அந்த இளைஞரைக் கேட்டால், "அவருக்கு பி.ஜி. சீட் கிடைச்சுப் போயிட்டாரு சார்." பெயர்? "கேட்டுச் சொல்றோம்." இன்னும் சொல்லவில்லை.

அவர் என்ன படித்தவர் என்று ஒரு சந்தேகமும் எனக்கு வந்தது, மறைக்கவில்லை. ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தெரியாத முறையில் வைத்தியம் பார்ப்பதே அலட்சியம்தான் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ராத்திரி டியூட்டிக்கு யாரை வைக்கிறார்கள் என்ற பேச்சு ஊரில் எப்போதும் உண்டு. அவருக்கு முதுகலைச் சீட் கிடைத்தது என்பதிலிருந்து எம்.பி.பி.எஸ். முடித்தவர் என்று நானே ஊகித்துக்கொண்டேன். நன்றி சொல்லவும் வழியில்லை, சந்தேகப்படவும் ஆள் இல்லை. உங்கள் பெரிய போர்டு நல்ல டாக்டர் ஒருவரைக் காணாமல் அடித்துவிட்டது.

சீனியர் போனில் சொல்ல, ஜூனியர் கட்டிலருகே நிற்பதுதான் எல்லா ஆஸ்பத்திரியிலும் நடைமுறை. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில், நம்மைக் கவனிப்பவர் யார், அவர் தகுதி என்ன, முதல் பொறுப்பு எந்த டாக்டருக்கு என்று அறியும் உரிமை முதலிலேயே வருகிறது. 2018-ல் வந்த சாசனம். அதையும் பல இடத்தில் நான்தான் பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். லிஃப்டுக்குப் பக்கத்தில், செடித்தொட்டிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள்.

அதனால் நான் கேட்பது ஒரு போர்டு. கட்டிலின் தலைமாட்டில், ஓரடிக்கு முக்கால் அடி வெள்ளை அக்ரிலிக். மேல் வரியில் பொறுப்பு டாக்டர், கீழ் வரியில் இந்த ஷிப்டின் டியூட்டி டாக்டர். இருவருக்கும் பெயர், படிப்பு, பதிவு எண். படிப்பைத் தமிழில், 'பொது மருத்துவம், முதுகலை' என்பது மாதிரி. ஷிப்ட் மாறும்போது நர்ஸ் மார்க்கரால் அழித்து எழுத அரை நிமிடம் போதும். அதே இரண்டு பெயரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏற வேண்டும், ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரோடு. மாதம் ஒரு முறை வந்து போகிற நிபுணரை வாசல் போர்டில் போட்டால் வரும் நாளையும் சேர்த்துப் போடுங்கள். அந்த வரிக்குக் காசு வாங்க மாட்டேன்.

எழுத்து அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கண்ணாடி இல்லாமல் என் அம்மா படித்துக் காட்டிய அளவு அது. இருபது கட்டிலுக்கு மேல் என்றால் மாட்டும் கூலியும் வேண்டாம். சாம்பிள் ஒன்று செய்து கடையில் தொங்கவிட்டிருக்கிறேன், வந்து பார்க்கலாம். மேல் வரியில் அந்த நிபுணர் பெயரை எழுதிவிட்டேன். கீழ் வரி காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் போர்டு ஆர்டிஸ்ட்,
திருச்சி