பெரியவளுக்கு அம்மா எழுதுறது

ஏட்டி பெரியவளே, நல்லா இருக்கியா. போன் பண்ணுனா எடுக்க மாட்டேங்குத, எடுத்தாலும் "பெறவு பேசுதேம்மா"ன்னு வச்சிருத, அதான் டைப் பண்ணுதேன். நெதானமா படி. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி முழிக்காத.

இங்க எல்லாரும் சொகம். அப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவல. கூந்தன்குளத்துல கூழைக்கடா எறங்கிட்டாம், நாங்குநேரி சித்தி சொன்னா. அந்த ஊர்ல பறவைக்காகத் தீவாளிக்கு வெடி போட மாட்டாவன்னு அஞ்சாப்புலயே எந்திரிச்சு நின்னு சொன்னவ நீ.

மாப்பிள்ளை பேச்சோட பேச்சா நீ இப்பம் காலேஜ் பக்கம் போறதில்லன்னு சொன்னாவ. நான் அதப் பத்தி ஒண்ணும் கேக்கல, கேக்கவும் மாட்டேன். வேற ஒண்ணு சொல்லுதேன்.

நம்ம ஊரு லைப்ரரில குழந்தைகள் கலைக்களஞ்சியம் இருந்துச்சுல்லா, பெரியசாமித் தூரன் ஆசிரியரா இருந்து 1968ல இருந்து 1976 வரைக்கும் 10 தொகுதியா போட்டது. எட்டாப்போட என்னைய நிப்பாட்டி பீடிக்கு உக்கார வச்சிட்டாவ. ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி, கை சும்மா இருந்தா ஆச்சி ஏசுவா. ஒங்க மாமா தான் அவன் பேர்ல பொஸ்தகம் எடுத்துட்டு வருவான். சுளவ மடியில வச்சிக்கிட்டு, பொஸ்தகத்த எதுத்தாப்புல தரையில விரிச்சு, பக்கம் மூடாம இருக்க இலை வெட்டுத கத்தரிய மேல வச்சிருவேன், கை பாட்டுக்குத் தூள வச்சு சுருட்டி நூலக் கட்டும், கண்ணு அங்கன கெடக்கும். பக்கம் திருப்புததுக்கு முன்னாடி கையப் பாவாடையில தொடைச்சுக்கிடுவேன், அப்படியும் ஓரமெல்லாம் பழுப்பாயிட்டு, லைப்ரரி ஸார் ஒரு வார்த்த சொல்லல.

அகர வரிசையில போட்டிருப்பாவ, அதனால பரீட்சைக்குப் படிக்க மாதிரி இருக்காது, ஒரு பூச்சியப் பத்தி வரும், அடுத்தாப்புல எங்கயோ ஒரு தேசம், அதுக்கடுத்து ஒரு ராசா. எதுக்குப் படிக்கோம்னே நெனப்பில்லாம படிச்சேன் பாரு, அந்த ருசி தான் ஒனக்கும் வந்துச்சு. நம்ம குடும்பத்துல எம்எஸ்ஸி வரைக்கும் போனது நீ ஒருத்தி தான். பஸ்ல பக்கத்துல உக்காந்தவகிட்ட எல்லாம் சொல்லிருக்கேன்.

ஆனா நடுவுல ரெண்டு தொகுதி லைப்ரரில இல்ல, யாரோ எடுத்துட்டுப் போனது திரும்பி வரவே இல்ல. அந்த எழுத்துல வாரது எதையும் படிக்காமலே கல்யாணம் ஆகி, நீங்க பொறந்து, எல்லாம் ஆச்சு. இப்பம் தம்பி தமிழ் இணையக் கல்விக்கழகம் சைட்டுல பத்தையும் போன்ல எடுத்துக் குடுத்துட்டான். விட்டுப்போனத மத்தியானம் கண்ணாடியப் போட்டுக்கிட்டு படிக்கேன், எழுத்து சின்னது, வெரலால பெருசாக்கிப் பெருசாக்கிப் படிக்கணும். "இத வச்சு எந்தப் பரீட்ச எழுதப் போற"ன்னு அப்பா கேக்காவ. கேக்கட்டும்.

ஒன் பைனாகுலரும் பறவை நோட்டும் பீரோல மேல் தட்டுல இருக்கு. சித்தி மகன் கேட்டான், தரமாட்டேன்னுட்டேன். ஒங்க கைடு ஏதும் மனசு நோகச் சொல்லிட்டாவளா? சரி, கேக்க மாட்டேன்னேன்லா, விடு. நேரத்துக்குச் சாப்பிடு. எனக்கென்னன்னு இருந்துராத, அம்மைக்கு ஒரு போன் பண்ண அஞ்சு நிமிசம் இருக்காதா ஒனக்கு.

ஞாயித்துக்கெழமை மூணு மணிக்குப் பண்ணு, அப்பா தூங்குவாவ. ஒனக்குப் பேச இஷ்டமில்லன்னா பேச வேண்டாம், நான் படிச்சதச் சொல்லுதேன், நீ உம் கொட்டு.

அம்மா